இன்றைக்கு நம் வீட்டுப் பாடு

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கருவாட்டு வாசம் வந்துவிட்டது. எந்த வீட்டில் எறா காயப்போட்ட இடத்தில் வைத்திருந்தார்களோ! நீ இருந்தால் மோந்து பார்த்தே வீட்டைச் சொல்லியிருப்பாய். பொன்னேரியில் நீ வாங்கி வந்த அதே மலைக்காட்டுப் படப் புத்தகம்தான். மதியம் எதிர்வீட்டுச் சின்னப் பெண் வந்து என் மடியில் வைத்தாள்.

"மாமா, இன்னிக்கு உங்க வூட்டுப் பாடு. சாயங்காலம் எல்லாரும் வருவோம். நீங்கதான் படிச்சுக் காட்டணும்."

என்னைக் கேட்டா சொன்னாள்? சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். நீ கண்ணை மூடிய பிறகு நம் வாசலில் பிள்ளைகளின் செருப்பு கிடந்ததே இல்லை. படிப்பதா, உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவதா? தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் பால்வாடி விட்டதும் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்து இந்தப் புத்தகத்தைக் காட்டுவாய். "ஏரியில பொழைக்கிற பசங்களுக்கு மலைக்காடு எதுக்குடி?" என்று நான் கிண்டல் செய்தால், "உனக்கு வலையை விட்டா இன்னா தெரியும், போய்யா" என்பாய். முதல் படத்தில் பெரிய பெரிய மரங்கள், அடியில் வெள்ளையாகப் பனிமூட்டம். பிள்ளைகள் அதைத் தண்ணீர் என்றே நினைத்தார்கள். "டீச்சர், அங்க ஆழம் எவ்ளோ? இன்னா மீனு மாட்டும்?" திருப்பாலைவனத்து நெல்வயல்காரி நீ, விழுந்து விழுந்து சிரித்தாய். தண்ணீரில் நிற்கிற அலையாத்தியைத் தவிர வேறு காடு பார்க்காத பிள்ளைகள், பாவம், வேறென்ன கேட்கும்?

மறுநாள் அவர்களை அந்த அலையாத்திப் பக்கமே கூட்டிக்கொண்டு போனாய். வேருக்குள் எறாக் குஞ்சு ஒளிந்திருப்பதைக் காட்டினாய். "அங்க மரத்தை வெட்டினா பறவைக்குப் பாடு போச்சு, இங்க வெட்டினா நமக்குப் பாடு போச்சு." தோணியில் இருந்த எனக்கே அது கேட்டது. பாடு என்ற சொல்லை நீ சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று நாங்கள் சீட்டுப் போட்டு முறை வைப்பதுதான் பாடு என்பது உனக்கு விளங்கவே நாளாயிற்று.

அப்புறம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் பிள்ளைகளுக்குள் அடிதடி. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு முதலில் கொடுத்தாய், ஊரே சண்டைக்கு வந்தது. "எங்க ஊர்ல எதையும் பாடு வச்சுத்தான் பிரிப்போம்" என்றேன். சீட்டு எழுதினாய். அதற்கும் ஒரு குட்டி வக்கீல் எழுந்து, "டீச்சர், கல்யாணம் ஆனவங்களுக்குத்தானே பாடு! எங்களுக்கு எப்படி?" என்றது. "சரி, ஆளுக்கு இல்ல, வூட்டுக்கு ஒரு சீட்டு. எங்க வூட்டு சீட்டையும் போடுங்கடா" என்றாய். நம்முடையது பிள்ளை இல்லாத வீடு. ஆனாலும் முறை வரும்போது புத்தகம் வந்தது, பின்னாலேயே அத்தனை பிள்ளைகளும் வந்தார்கள். அன்றைக்கு மட்டும் நம் வீடு சந்தைக்கடை.

அதெல்லாம் போச்சு. இப்போது நான் ஒருவனுக்குச் சோறு வடிக்கிறேன், ஒருவனாக உட்கார்ந்து தின்கிறேன். பேச ஆள் இல்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்தப் புத்தகத்திலோ அந்த இருவாச்சிப் பறவைப் பக்கம் இருக்கிறது. பெட்டை, மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை பழம் தேடிக் கொண்டுவந்து சின்னச் சந்து வழியாக ஊட்டும். அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பேன், சொல்லு.

வாசலில் சத்தம். வந்துவிட்டார்கள். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

படித்தேன். உன்னை மாதிரி குரல் மாற்றிக் குரங்காகக் கத்த எனக்கு வரவில்லை. "டீச்சர் இப்படிப் படிக்க மாட்டாங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், பொல்லாதவர்கள். இருவாச்சிப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டப் பார்த்தேன். விடுவார்களா? எதிர்வீட்டுப் பெண் கையை வைத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பெட்டைப் பறவை செத்துப்போச்சுன்னா ஆண் பறவை இன்னா பண்ணும்?"

புத்தகத்தில் அது இல்லை. "தெரியல பாப்பா. பழக்க தோஷம், பழம் எடுத்துக்கினு வந்துகினேதான் இருக்கும்" என்றேன்.

"வாங்கிக்க ஆள் இல்லையே?"

"கீழே போட்டுட்டுப் போவும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அந்தக் கொட்டையில மரம் மொளைக்கும் இல்ல? டீச்சர் சொன்னாங்க, இருவாச்சி போட்ட கொட்டையிலதான் காடே மொளைக்குதுன்னு."

நீ சொன்னதுதான். உன் சொல்லை அந்தப் பிள்ளை என்னிடம் கொண்டுவந்து போட்டது. அழுதுவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன், "டீச்சர்தான் இல்லையே, எங்க வூட்டு சீட்டை ஏன் எடுக்கல?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆள் போயிட்டா வூட்டுப் பாடு போயிடுமா மாமா? ஏரியில அப்படியா பண்றாங்க?"

இல்லை, அப்படிச் செய்வதில்லை. நான் உனக்குக் கற்றுக்கொடுத்த முறையை அவள் எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டுப் போகிறாள். வாசல் நிறைய பிள்ளைகளின் கால் மணல். கூட்ட மனசில்லை, அப்படியே கிடக்கட்டும்.

நாளைக்குப் புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போகும். எல்லா வீடும் சுற்றி மறுபடி இங்கே வர நாளாகும். அது வருகிறபோது கதவைத் திறக்க ஆள் வேண்டும் அல்லவா? இருப்பேன். அதற்குள் அந்தக் குரங்குச் சத்தத்தையும் பழகிக்கொள்கிறேன்.