நீ வாசித்த செய்தி

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இரண்டு நாளாகப் போனை எடுக்காமல் இருக்கத் தெம்பு இருப்பதால் நீயும் நலம்தான். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை உங்கள் குடியிருப்பின் வாக்குச்சாவடிக்கு நான்தான் அதிகாரி. மதியத்துக்குப் பிறகு ஈ காக்கை இல்லை. பட்டியலில் 412 பேர், வந்தது 97. வாசலுக்கு வந்தால் துணி தேய்க்கும் அக்கா போகிறார். "ஓட்டுப் போடலையா?" என்றேன். "மெஷின் ரிப்பேராமே, மிச்ச பேருக்கு நாளைக்குத்தானே? உங்க அண்ணனே சொன்னாரு" என்று போனை நீட்டினார். உன் குரல்! பேருந்து நிலையத்தில் 'கவனிக்கவும்' என்பாயே, அதே குரல்.

யாரோ கிளப்பிவிட்ட புரளியை நீ வாசித்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாய். அதை நம்பிப் பலர் வராததால், வரும் 20ஆம் தேதி ஞாயிறு மறுவாக்குப்பதிவு என்று உத்தரவு வந்திருக்கிறது. அதற்குள் உன் வாயாலேயே தவறு என்று சொல்.

உன் தங்கை

ஏப்ரல் 13

அன்புத் தங்கைக்கு,

படிக்கத் தெரியாதவர்களுக்காக வருகிற தகவலையெல்லாம் நான் வாசித்துப் போடுவது உனக்கே தெரியும். உதவி செய்தவனுக்கு இந்தப் பேச்சா? பதிவை அழித்துவிட்டேன், விடு. இருபத்தாறு வருஷமாக மைக் முன்னால் உட்காருகிறேன். தப்பாகச் சொன்னேன் என்று நானே சொன்னால், நாளைக்கு என் பேச்சைக் கேட்டு எவன் பேருந்து ஏறுவான்? வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

போனில் அழித்தாய், அவர்கள் காதில் அழித்தாயா? நடைமேடையை மாற்றிச் சொன்னால் என்ன செய்வாய்? அதே மைக்கில், 'முன்பு சொன்னது தவறு' என்று மூன்று முறை சொல்வாய். அதற்காக யாராவது பேருந்து ஏறாமல் இருந்தார்களா?

எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சாவடியில் உட்கார்ந்திருந்தது உன் கூடப் பிறந்தவள்தானே?

தங்கை

ஏப்ரல் 18

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன். "நான் சொன்னது தவறு, விசாரிக்காமல் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஓட்டுப் போடணும்" என்று மூன்று முறை பதிவுசெய்து போட்டேன். மாடி வீட்டு வாத்தியார் வந்து, "யார் சார் மிரட்டுனாங்க? தைரியமா சொல்லுங்க" என்கிறார்! பொய்யை ஒரே தடவையில் நம்பியவர்கள், உண்மைக்குச் சாட்சி கேட்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது வீடு வீடாகக் கதவு தட்டுகிறேன். நாலு மாடி ஏறி இறங்கி முட்டி விட்டுப்போயிற்று.

அண்ணன்

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

நேற்று 268 பேர் வந்தார்கள். துணி தேய்க்கும் அக்கா வரவில்லை. சாவடியை மூடிய பிறகு நானே போய்க் கேட்டேன். "எது நிஜம்னு தெரியலம்மா. ரெண்டையும் உங்க அண்ணன்தானே சொன்னாரு" என்றார்.

வரிசையில் முதல் ஆளாக நீ நின்றதைப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசாமல் அடையாள அட்டையை மட்டும் கேட்டேன். சாவடியில் அதிகாரிக்கு அண்ணன் கிடையாது. வெளியில் உண்டு, ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இனிமேல் என்ன செய்தி வந்தாலும் முதலில் எனக்குப் போன் போட்டு வாசி. திட்டிக்கொண்டேயாவது கேட்கிறேன்.

உன் தங்கை