ஹெட்லைட் வயர்

ஞாயிறு, இரவு

தங்கச்சி புருஷன் செல்வத்தின் பழைய மோட்டார் சைக்கிளை இன்று லொறியில் கொண்டு வந்து எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். போன வாரம் கினிகத்தேனைப் பக்கம், பனிமூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட் அணைந்து, அவர் வளைவு தெரியாமல் பள்ளத்தில் விழுந்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வண்டிக்கு முழுக்கப் புது வயர் இழுத்தவன் நான்தான். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஹெட்லைட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு ஈயம் தீர்ந்துவிட்டதால், பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம் என்று வயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றி வைத்த இடம். மறந்தே போனேன்.

தங்கச்சி பின்னால் வந்து நின்றாள்.

"லைட்டுக்கு என்னாச்சுண்ணே?"

"பல்ப் போயிருச்சும்மா. பழைய பல்ப்" என்றேன்.

"அவரும் அப்புடித்தான் சொன்னாரு. மச்சான் வயரெல்லாம் நல்லாத்தான் செஞ்சாருன்னு ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

அவள் உள்ளே போனதும் பல்பைப் பெட்டரியில் வைத்துப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. சூடு ஆறும் முன்னே கல்லில் தட்டி உடைத்தேன்.

நாளைக்கு அவரைப் பார்க்க நானும் வரவேண்டுமாம். அவர்தான் கேட்டாராம்.