ஈ இல்லாத பத்து நாட்கள்

நாள் 201 | காலை 6.10 | உள்வெப்பம் 31 | ஈ: 1

எழுதுபவர் இஞ்ஞாசி பர்னாந்து, வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் மணப்பாடு, இப்போதைய விலாசம் நிலா. காற்றழுத்தம் சரி. தண்ணீர் எழுநூறு லிட்டர். மின்தகடுகள் பன்னிரண்டில் பதினொன்று ஓடுகின்றன. பன்னிரண்டாவது என்றைக்குமே ஓடியதில்லை, அதை விட்டுத் தள்ளுங்கள்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். இங்கே பகல் என்றால் நம் ஊர்க் கணக்கில் பதினான்கு நாள். அதன்பிறகு பதினான்கு நாள் இரவு. இந்த நான்கு அறை வீட்டின் மேல் மண் மூடும் வேலை பாதியில் நிற்பதால், பகல் முழுக்கக் கோடைதான். சூரியன் வந்து மூன்று நாள் ஆகிறது, இப்போதே பனியன் முதுகில் ஒட்டுகிறது.

நாள் 216-இல் கலம் வரும். நிலாவில் குடியேறும் முதல் குடும்பம் அதில் வருகிறது: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவர்கள் இறங்க, நான் ஏற, ஊர் போய்ச் சேர வேண்டியது. ஒரே நிபந்தனை, அதற்கு முந்தைய பத்து நாளும் வீட்டில் உயிருள்ள பூச்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டுக் கணினி கேமரா வைத்து எண்ணுகிறது, அதனிடம் பசப்ப முடியாது.

இன்று காலை அது ஒன்று என்று காட்டியது. கேமராவில் தூசி என்று நினைத்துத் துடைத்தேன். தூசி பறந்து போய் என் காபிக் குவளை விளிம்பில் உட்கார்ந்தது.

நாள் 202 | மாலை 4.30 | உள்வெப்பம் 33 | ஈ: 9

பூமியின் தரை நிலையத்திலிருந்து வந்த செய்தியை அப்படியே பதிகிறேன். பேசுவது பேச்சித்தாய். பாளையங்கோட்டைப் பெண், என் பணிக்குப் பொறுப்பாளர்.

"அண்ணாச்சி, என்னது இது, ஒம்பது ஈன்னு வருது? அங்க காத்தே கிடையாது, ஈ எப்படி வந்துச்சு? ஒளிக்காம சொல்லுங்க. என்னத்த கொண்டு வச்சிருக்கிய?"

ஒளிக்கவில்லை. போன மாதம் வந்த சரக்குக் கலத்தில் என் மனைவி ஆக்னஸ் எனக்கு இரண்டு லுங்கி அனுப்பியிருந்தாள். லுங்கிக்குள் சுருட்டி அரைக் கிலோ சீலாக் கருவாடு. குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். வாசம் பிடிக்கலாமே என்று நாலு நாள் முன்னால் வெளியே எடுத்து, சமையலறை மேல்தட்டில் வைத்தவன் நான்தான். ஆறு மாதமாகப் பசை மாதிரி சோறு தின்றவனின் பலவீனம் உங்களுக்குப் புரியாது.

கருவாட்டைப் பிரித்தேன். உள்ளே ஈக்கூடுகள், பாதி உடைந்து காலி. மொத்தத்தையும் காற்றுப்பூட்டு வழியாக வெளியே எறிந்துவிட்டேன். இந்தச் சூரியனுக்குக் கீழே எதுவும் பிழைக்காது. ஆக்னஸுக்குத் தகவல் போயிருக்கிறது. அவள் பதில்: "வெயில்ல நல்லாக் காய வச்சுதானே அனுப்புனேன்! இங்க அதைத் தின்னு யாருக்கு என்ன ஆச்சு?"

மூலம் போயிற்று. மிச்சம் ஒன்பதை அடித்தால் கதை முடிந்தது.

நாள் 204 | பகல் 1.00 | உள்வெப்பம் 35 | ஈ: 26

கதை முடியவில்லை.

கோப்பு அட்டையை மடித்து மட்டை செய்தேன். இங்கே உடம்பின் எடை ஆறில் ஒரு பங்கு என்பதை மறந்து, ஓங்கி ஒரு போடு போட்டேன். ஈ தப்பித்தது, நான் எகிறிக் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன். இப்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் இது தேவையா எனக்கு!

வீட்டுக் கைவைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. பால்பொடியில் சர்க்கரையும் மிளகுத்தூளும் குழைத்துத் தட்டில் வைத்தேன், பதினொன்று செத்தது. சர்க்கரைப் பாகும் எண்ணெயும் காகிதத்தில் தடவித் தொங்கவிட்டேன், பதினெட்டு ஒட்டியது. அதில் என் முழங்கையும் ஒட்டியது. எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைக்கச் சொன்னாள் பேச்சித்தாய். கிராம்பு இருக்கிறது, எலுமிச்சைக்கு நான் எந்தச் சந்தைக்குப் போக? கற்பூரம் கொளுத்தினேன். தீ எச்சரிக்கை அலறி, மூன்று அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு, நாற்பது நிமிடம் கழிவறையில் அடைபட்டுக் கிடந்தேன்.

எல்லாம் பச்சை ஈ. முதுகு மினுமினுவென்று இருக்கிறது. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நாள் 206 | காலை 7.00 | உள்வெப்பம் 36 | ஈ: 31

இன்றிலிருந்து வீடு சுத்தமாக இருந்திருக்க வேண்டும். பேச்சித்தாயின் செய்தி:

"ஒரு நா ஈ இருந்தா கலம் ஒரு நா தள்ளிப் போவும். இருநூத்திப் பத்துக்குள்ள பூச்சியமாகலன்னா பயணமே ரத்து அண்ணாச்சி. அடுத்தது ஏழு மாசம் களிச்சுதான். ஆக்னஸ் அக்கா தெனமும் போன் போடுதாவ, நான் என்னன்னு சொல்லட்டும்?"

ஏழு மாதம்! ஏழு நாளே இருப்புக்கொள்ளவில்லை எனக்கு. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் நடக்கச் சொல்கிறது. குப்பைப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வடிகாலில் கொதிநீர் ஊற்றினேன். மெத்தையைக் கிழித்துப் பார்த்தேன். எங்கும் ஒரு முட்டை, ஒரு புழு இல்லை. அப்படியானால் எங்கே கிடக்கிறது மூலம்?

தூக்கம் இல்லை. தாகம் வேறு. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டுகிறது. வெயில்தான்.

நாள் 207 | இரவு 9.20 | உள்வெப்பம் 37 | ஈ: 28

இதுவரை நான் கொன்றது நூற்று நாற்பத்திரண்டு. கோபத்தில் எண்ணிக்கொண்டு வருகிறேன்.

இலேசான நாற்றம் ஒன்று. சமையலறையில் அடித்தது. படுக்கையறைக்கு வந்தேன், அங்கேயும் அடித்தது.

நாள் 208 | காலை 5.50 | உள்வெப்பம் 37

இதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும், மடையன் நான். மூன்று நாளாக ஈ அதிகம் மொய்த்த இடங்களை வரைபடமாகக் கேட்டேன், கணினி சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டியது. காலையில் சமையலறை, மேசைக்குக் கீழே. பகலில் பட்டறை. இரவில் படுக்கை, கால்மாட்டில். புள்ளிக்கூட்டம் அறை அறையாக நகர்கிறது.

நான் நகர்கிற வழியில்.

காலணியைக் கழற்றினேன். காலுறை ஈரமாக இருந்தது. நாலைந்து நாளாகவே ஈரம்தான், வியர்வை என்று நினைத்தேன். அதை உரித்தபோது வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. அடிப்பாதத்தில் ஒரு குழி. அதில் ஒரு கம்பித்துண்டு குத்தி நின்றது, பட்டறைக் கம்பி. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தேன் என்று தெரியவில்லை. குழிக்குள் புழு நெளிந்தது.

வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு துளி வலிகூட இல்லை.

நாள் 208 | காலை 8.15

உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி. ஒன்பது வருடமாக. தேர்வுக்கு முன்னால் பட்டினி கிடந்து, மாத்திரையைக் கூட்டிப் போட்டு, மருத்துவக் குழுவை ஏமாற்றித்தான் இங்கே வந்தேன். ஒளித்துக் கொண்டுவந்த மாத்திரை நாள் 150-இல் தீர்ந்துபோனது. பாதத்தில் உணர்ச்சி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆக்னஸுக்கு மட்டும் தெரியும். போகாதே என்று அழுதாள். வாயை மூடு என்றேன்.

படத்தோடு எல்லாவற்றையும் தரைக்கு அனுப்பிவிட்டேன். கிருமிகொல்லியும் சாமணமும் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். புழுவைப் பொறுக்கிக் கொன்றுவிட்டால் மூலம் ஒழியும், இரண்டு நாளில் வீடு சுத்தம், கலம் வரும். அவர்கள் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

நாள் 208 | பகல் 2.40

டாக்டர் ஹபீப், தரை மருத்துவர்:

"மிஸ்டர் பர்னாந்து, சாமணத்தைக் கீழ வைங்க. அந்தப் புழுவைத் தொடாதீங்க. உங்க காலுக்கு ரத்தம் சரியாப் போகல, அதனால இப்ப எந்த மாத்திரை போட்டாலும் அங்க போய்ச் சேராது. செத்த சதையை இந்தப் புழுதான் தின்னு சுத்தம் பண்ணிட்டிருக்கு. பச்சை ஈயோட புழு உயிருள்ள சதையைப் பெரும்பாலும் தொடாது. அது இல்லேன்னா இந்நேரம் விஷம் உடம்பு முழுக்க ஏறியிருக்கும். அஞ்சு நாள்ல இதுங்க தின்னு முடிச்சு இறங்கிடும். அப்புறம் புதுசா முட்டை வைக்கணும். ஈ உயிரோட இருக்கற வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்."

பேச்சித்தாய்:

"பிள்ளையளோட வார கலத்த நிறுத்தியாச்சு. காலிக் கலத்துல சர்ஜன் ஒருத்தர அனுப்புதோம், இருநூத்தி இருவத்தஞ்சுக்கு வந்துரும். பதினேளு நாளு. ஏன் அண்ணாச்சி இப்படி ஒளிச்சீய? சரி, இப்ப அது வேண்டாம். இனிமே ஒரு ஈயக்கூட கொன்னுராதீய, கேட்டியளா?"

நாள் 209 | காலை 6.00 | உள்வெப்பம் 36 | ஈ: 7

ஏழுதான் மிச்சம். ராத்திரி மிளகுத் தட்டை எடுக்க மறந்துவிட்டேன். பாவி, பாவி! விடிந்து பார்த்தால் தட்டைச் சுற்றிச் செத்துக் கிடக்கின்றன.

ஒட்டுக் காகிதத்தை எல்லாம் இறக்கினேன். ஒன்று இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பஞ்சில் வெந்நீர் தொட்டு, பாகை ஒவ்வொரு காலாகக் கழுவிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. பறந்தது. எட்டு.

நாள் 212 | மாலை 6.00 | உள்வெப்பம் 33 | ஈ: 8

சூரியன் மறைகிறது. இனி பதினான்கு நாள் இருட்டும் குளிரும். ஈ குளிரில் முட்டை வைக்காது, பதினைந்துக்குக் கீழே போனால் அசையவும் செய்யாது. என் கோடை முடிந்தது. இது என்றைக்கு முடியும் என்று ஏங்கியவன் நான்.

மூன்று அறையைக் குளிர விட்டுப் பட்டறையில் மட்டும் சூடாக்கியை வைத்திருக்கிறேன். எட்டு ஈயும் நானும் ஒரே அறை. பால்பொடி, சர்க்கரைத் தண்ணீர், பஞ்சு எல்லாம் வைத்திருக்கிறேன். முதல் புழுக்கள் தின்று கொழுத்து இறங்கிவிட்டன, ஈரமண் போட்ட டப்பாவில் விட்டேன். கூடு கட்டி ஈயாக வெளிவர வேண்டும். காலைத் திறந்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வாருங்கள் என்று. நேற்று இரண்டு உட்கார்ந்தன. முட்டை வைத்தன. நான் அழுதேன்.

நாள் 217 | நேரம் தெரியவில்லை | உள்வெப்பம் 24 | ஈ: 4

காய்ச்சல். டப்பாவில் கூடு கட்டியவை வெளிவரவில்லை, சூடு போதவில்லை. மின்கலம் முப்பது சதவீதம். காற்று சுத்திகரிப்பானை நிறுத்த முடியாது, விளக்கை நிறுத்தினேன், கணினியின் பாதியை நிறுத்தினேன். இருட்டில் ரீங்காரம் கேட்டால் மனம் நிலைகொள்கிறது. கேட்காவிட்டால் கைவிளக்கை எடுத்துத் தேடுகிறேன். ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை.

ஆக்னஸ் பேசினாள்: "ஏங்க, கருவாட்ட நான் அனுப்பாட்டா உங்களுக்கு இந்த ஈயே வந்திருக்காதுங்க. நல்லதா கெட்டதா நான் செஞ்சது, சொல்லுங்க?" நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல?

நாள் 221 | உள்வெப்பம் 17 | ஈ: 1

மூன்று செத்துவிட்டன. வயதாகிச் செத்தனவா, குளிரில் செத்தனவா, தெரியாது. இரண்டாவது புழுக்களும் இறங்கிவிட்டன. பாதத்தின் கறுப்பு கணுக்காலுக்கு வந்திருக்கிறது, நாற்றம் திரும்பிவிட்டது. உள்ளங்கையைக் குவித்து ஈயை உள்ளே வைத்து மூச்சால் ஊதுகிறேன். ஊதினால் கால் அசைக்கிறது. வயிறு பெருத்திருக்கிறது. முட்டை இருக்கிறது. சூடுதான் இல்லை.

நாள் 223 | உள்வெப்பம் 9 | குரல் பதிவு

விண்வெளி உடைக்குத் தனி மின்கலம். சூடு முப்பது வரை வைக்கலாம். நாற்பது மணி நேரம் வரும். வலது காலுறை இல்லாமல் உடைக்குள் இறங்கினேன். ஈயைக் கழுத்துக்கிட்ட விட்டுத் தலைக்கவசத்தை மூடினேன்.

பேச்சித்தாய்: "அண்ணாச்சி, இன்னும் ரெண்டே நாளு. தூங்கிராதீய. பேசிக்கிட்டே இருங்க. ஈ இருக்கா?"

இருக்கு தாயி. சூடு ஏறியதும் எழுந்துவிட்டது. முகத்தில் நடக்கிறது. கையை உள்ளே கொண்டுபோக முடியாது. மூக்கில் உட்காருகிறது. கண்ணிமையில். விரட்டவில்லை. கண்ணை மூடிக்கொள்கிறேன்.

கீழே போம்மா. இங்கே ஒன்றும் இல்லை. கீழே போ.

நாள் 223 | குரல் பதிவு

கன்னம். தாடை. கழுத்து.

மார்பில் நடந்தது தெரிந்தது. வயிறு. தொடை வரை, நல்லாத் தெரிந்தது. முழங்கால்.

அதுக்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. செத்து விழுந்துவிட்டதா, போய்ச் சேர்ந்துவிட்டதா. ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்.

பேச்சித்தாய் கேட்கிறாள், "காலுக்குப் போயிருச்சா அண்ணாச்சி?"

எனக்கு எப்படித் தெரியும் தாயி. அந்தக் காலில் உணர்ச்சி இல்லையே.