கதவடியில் இனி வில்லை கேட்க மாட்டோம்

என் ஆசை சிவகாமி அக்காவுக்கு,

ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிற மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் கதவடியில் தாய்மாரிடம் எண் குத்திய தகர வில்லை கேட்பதை இன்று காலையோடு நிறுத்திவிட்டோம். நீங்கள் கொண்டுவந்த வழக்கம் அது. நிறுத்தலாம் என்று முடிவு சொன்னவள் நான்தான். அப்படியிருந்தும் காலையிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அந்த வில்லை எதற்கு வந்தது என்பதை நான் மறப்பேனா? அப்போது வேலியும் கிடையாது, கேட்டும் கிடையாது, ஒரே கதவுதான். பிள்ளைகளை நம்மிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் எல்லாரும் பால் கொடுக்கும் நேரத்தில் மலையிலிருந்து ஒன்றாக இறங்கி வந்து நெருக்குவார்கள். அந்த நெருக்கத்தில் புதிதாக வந்த ஆயா ஒருத்தி, முத்தம்மாவின் பிள்ளையைக் கம்பளியோடு தூக்கி வேறொரு குடும்பத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். முத்தம்மா வந்து பார்த்தால் தொட்டில் வெறுமையாக ஆடுகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவள் கத்திக்கொண்டு ஓடினாள். மேல் லயத்து வீடொன்றில் பிள்ளை பத்திரமாகக் கிடைத்தது. ஆனால் நீங்கள் விடவில்லை. பதுளைக் கடைவீதியில் ஒரு பாயிடம் தகரம் வெட்டி வாங்கி வந்து, நீங்களே ஆணியால் எண் குத்தினீர்கள். தொட்டிலுக்கு ஒன்று, அதே எண்ணில் தாய்க்கு ஒன்று. "மொதல்ல வில்லையக் காட்டு, அப்புறம் புள்ளையத் தாரேன்" என்று கதவை மறித்து நின்ற உங்கள் உருவம் அப்படியே கண்ணில் இருக்கிறது.

நீங்கள் இங்கே வேலையை விட்டுப் போன பிறகுதான் வேலி வந்தது. கேட்டில் பார்வதியை உட்கார வைத்தார்கள். அவள் வில்லையைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லுவாள். உள்ளே நாங்கள் அந்த எண் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருவோம். அதோடு முடிய வேண்டியதுதானே? ஆனால் கதவடியிலும் பழையபடி வில்லையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். இரண்டு தடவை எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தாலும், அக்கா வைத்த வழக்கம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

போன வாரத்து மழையில்தான் பாக்கியத்துக்கு ஒரு கொடுமை நடந்தது. அவளைத் தெரியும்தானே, முதல் பிள்ளை தங்காமல் போனவள். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. கேட்டில் வில்லையைக் காட்டிவிட்டு மறுபடி இடுப்பில் செருகப் போனவள், ஈரக் கையில் அதைச் சேற்றில் நழுவ விட்டுவிட்டாள். கதவடியில் என் கூட வேலை செய்யும் ஆயா மேரி நின்றாள். அவளும் பாவம், வில்லை இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதுதானே சட்டம்? பிள்ளை உள்ளே வீறிடுகிறது, தாய் வெளியே சேற்றைக் கிளறுகிறாள். அதற்குள் மேலே கங்காணி கூப்பிட்டுவிட்டார். பால் கசிந்து ரவிக்கை நனைய நனைய, பிள்ளைக்குக் கொடுக்காமலே அவள் மலையேறினாள், அக்கா.

மறுநாள் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான தோட்டத்து டாக்டர் ஐயா வந்தார். "ராஜாத்தி, கேட்டுல பாக்குறோம்ல. கதவுலயும் எதுக்கு? எடுத்துரலாமா? நீ நல்லாப் பாத்துச் சொல்லு. நீ சரின்னாதான் எடுப்பேன்" என்றார்.

 "அது அக்கா வச்சதுங்க" என்றேன்.

"தெரியும். அதான் ஒன்கிட்டக் கேக்குறேன்."

பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார்: கேட் வழியாக இல்லாமல் கதவுக்கு வர வேறு வழி இருக்கிறதா? இரண்டு பேரும் வேலியைச் சுற்றி நடந்தோம். அடுப்படிக்குப் பின்னால், விறகு கொண்டுவரும் லெட்சுமி அன்றாடம் நுழைகிற சந்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறகுக்கட்டோடு அவள் வருகிறாள், பின்னாலேயே அவள் கொழுந்தியாள்.

"எங்கடி போறீங்க?"

"புள்ளைக்குப் பால் குடுக்கத்தான் அக்கா. சுத்திக்கிட்டு யாரு வாரது?" என்றாள் கொழுந்தியாள்.

ஐயா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்படியே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தச் சந்து வழியாக வருகிறவர்களிடம் வில்லை கேட்க ஆளே இல்லாமல் போயிருக்கும்! உங்கள் கதவுதான் இத்தனை நாளும் இந்தச் சந்துக்குக் காவலாக இருந்திருக்கிறது. முதலில் அந்தச் சந்து வழியை அடைக்கச் சொன்னேன். லெட்சுமி முணுமுணுத்துக்கொண்டே விறகைக் கேட் வழியாகக் கொண்டுவந்தாள்.

அப்புறமும் எனக்கு மனம் ஆறவில்லை. வில்லை இல்லாமல் ஓர் ஆளை வேண்டுமென்றே கேட்டுக்கு அனுப்பினேன். வேறொரு தாயின் எண் உள்ள வில்லையைக் கொடுத்து இன்னொருத்தியை அனுப்பினேன். எந்த எண் யாருக்கு என்று மனப்பாடமான பார்வதி இரண்டு பேரையும் விடவில்லை. "ஒன் மூஞ்சி தெரியும்டி, வில்லை எங்க?" என்று அவள் போட்ட அதட்டலில் உங்கள் குரலே கேட்டது. அன்றைக்கே ஐயாவிடம் போய், "எடுத்துரலாங்க" என்றேன்.

இன்று காலை மழை விடவே இல்லை. தாய்மார் மழைக்குக் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள். கேட்டில் பார்வதி பாக்கியத்தின் எண்ணைச் சொன்னாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பாக்கியம் பழக்கத்தில் இடுப்பைத் தடவினாள்.

"வேணாம் பாக்கியம். புள்ளையப் புடி."

"காட்ட வேணாமா அக்கா?"

"கேட்டுலயே காட்டிட்டல்ல."

அவள் நம்பாமல் கேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கி, சுவரோரமாக உட்கார்ந்தாள். பிள்ளை பால் குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது அக்கா, அந்த மழையிலும். வயிறு நிறைந்து பிள்ளை தூங்கிவிட்டது, கங்காணி இன்னும் கூப்பிடவில்லை! பாக்கியம் வெறுமனே பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இதற்குக் கோபப்படுவீர்களா? மாட்டீர்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது. ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். வேலி எங்கே பிய்ந்தாலும், கேட்டில் ஆள் இல்லாமல் போனாலும், அந்த நிமிடமே நான் கதவை மறித்து நிற்பேன். துரையே வந்து சொன்னாலும் நகர மாட்டேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
ராஜாத்தி