கண்ணாடியில் ஒட்டிய படம்

அக். 11, சனி

காலையிலிருந்து மழை. பள்ளி இல்லை. நான் சேர்க்கும் பழைய கட்டடப் படங்களின் பதிவேட்டைச் சரிபார்த்தேன். மொத்தம் 13. அசல் மட்டும். செல்போன் நகல் சேராது.

எண் 4: ஓட்டு வீடு, புதுக்கடை (கல்யாணம்)
எண் 9: கல் மண்டபம் (ஆசிரியர்கள்)
எண் 12: மச்சு வீடு, தோவாளை (சாவு)

கட்டடத்தை மட்டும் யாரும் படம் எடுத்ததில்லை. கல்யாணம் வர வேண்டும், ஆசிரியர்கள் வரிசையாக நிற்க வேண்டும், அல்லது யாராவது சாக வேண்டும். கட்டடம் பின்னால் சும்மா நிற்கும்.

கிடைக்காதது: நான் பிறக்குமுன் இடித்த எங்கள் ஊர்ப் பழைய சர்ச்சின் முகப்பு.

அப்பா: "இடிச்சாச்சு. இனி அதுக்க படம் எதுக்கு மக்கா?"

அக். 12, ஞாயிறு

கிடைத்தது! தெருமுனை கிரேஸ் மாமி வீட்டுச் சுவரில். மூன்று வளைவுகள், மரக்கதவு, ஓரத்தில் மணிக்கூண்டு. முன்னால் திறந்த சவப்பெட்டியில் மாமியின் அம்மா. யாரோ ஒருவர் இடுப்பில் இரண்டு வயது மாமி.

"நீ சர்ச்ச பாக்குதே. நான் எனக்க அம்மைய பாக்குதேன்" என்றார். உயிரோடு இருந்தபோது அம்மாவைப் படமே எடுக்கவில்லையாம். மாமிக்குத் தெரிந்த முகம் இது ஒன்றுதான்.

அசல் கிடைக்காது; ஸ்கேன் செய்ய மட்டும் தந்தார். செவ்வாய் அம்மாவின் நினைவு நாள். ஆறு மணிக்கு வீட்டில் ஜெபம். அதற்குள் துபாய் மகன் வாங்கிக் கொடுத்த புது பிரேமில் மாற்ற வேண்டும். "பத்திரம் மக்ளே." துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

அக். 13, திங்கள்

கணக்குத் தேர்வு சுமார். படத்தை ஜெனியிடம் காட்டினேன் (அவள் அப்பா ஸ்டூடியோ வைத்திருக்கிறார்). "ஏட்டி, கண்ணாடியில ஒட்டிக் கெடக்கு. பிரிக்காத. அப்படியே ஸ்கேன் பண்ணு, கேட்டியா?"

கேட்கவில்லை. கண்ணாடியோடு எடுத்தால் வளைவுகளில் வெளிச்சம் அடிக்கிறது. எப்படியும் நாளை பிரிக்கத்தானே போகிறார்கள். பிரேமின் ஆணிகளைப் பிடுங்கி, படத்தை மேல் மூலையிலிருந்து மெதுவாக இழுத்தேன். வளைவுகள் முழுசாக வந்தன. கதவு வந்தது. பிறகு 'சர்'.

முகம் வரவில்லை. காகிதத்தில் கட்டைவிரல் அளவு வெள்ளை. முகம் கண்ணாடியில் தோல் மாதிரி ஒட்டியிருக்கிறது.

கண்ணாடியை மேலே வைத்தால் பொருந்துகிறது. ஆணி அடித்து மூடினேன். தெரியவே இல்லை.

நாளை மாமி பிரிப்பார். தன் கையால் கிழிந்தது என்று நினைப்பார். என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சோற்றைப் பாதியில் வைத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அக். 14, செவ்வாய்

பள்ளி விட்டதும் போனேன். கட்டிலில் புது பிரேம், தங்க நிறம். மாமி ஆணிகளைப் பிடுங்கிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கை வெறைக்குது. நீயே மெள்ள இழு. ஒனக்குத்தான் படத்துக்க அருமை தெரியும்."

"நான் நேத்தே இழுத்துட்டேன் மாமி."

மாமி கண்ணாடியை மட்டும் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். முகம் மங்கியது. வெள்ளைச் சேலைமேல் வைத்தார். தெரிந்தது.

"இனி இத தொடைக்கக் கூடாதோ?"

"உள்பக்கம் கூடாது மாமி."

ஜெபத்துக்கு மேசையில் வெள்ளைச் சேலை, அதன்மேல் கண்ணாடி. "படம் எங்க கிரேசு?" என்று யாரோ கேட்டார்கள். "இதுதான்."

கிளம்பும்போது முகமில்லாத படத்தை அந்தத் துண்டிலேயே சுற்றி என் கையில் திணித்தார். "சர்ச் ஒனக்கு வேண்டாமா? கொண்டு போ."

எண் 14: பழைய சர்ச், முகப்பு (சாவு). மூன்று வளைவும் தெளிவு. பெட்டியில் இருப்பவர்: கிரேஸ் மாமியின் அம்மா. பெயர் கேட்கவில்லை.