கழுத்தில் நான் அழித்தது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மகளுக்குக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணை மூடினாள். நெற்றியில் போடத் துணி தேடியபோது, உன்னை நான் படமெடுத்தபோது பின்னால் கட்டிய கறுப்புத் துணி கையில் வந்தது. நீ தோளில் தேய்த்துக்கொள்ளும் தைல வாசனை இன்னும் போகவில்லை.

அதைப் பெம்பான் ரப்பர் தோட்டத்துப் பழைய கொட்டகையில் கட்டினோம். குத்துச்சண்டைக்காரிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படங்கள் எனக்குச் சலித்திருந்தன. உன் கையுறைகளில் கோதுமை மாவைப் பூசி, "லென்ஸப் பாத்து அடி" என்றேன்.

"ஒடஞ்சா?"

"மொதல்ல அடிடி. எம் பாப்பாகூட இதவிட ஓங்கி அடிக்கும்."

அடித்தாய். மாவு வெடித்தது. கேமரா என் முகத்தில் மோதி உதடு கிழிந்தது. சட்டையெல்லாம் ரத்தம். "இப்பத்தான்லா நீ படம் எடுக்கிற ஆளு" என்று சிரித்தாய்.

கடைசிப் படம், நீ ஜெயித்த போட்டிக்கு மறுநாள் எடுத்தது. புருவம் பிளந்து தையல் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கமே விளக்கை வைத்தேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கழுத்தைப் பார்த்தேன். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். கையுறை போட்ட கை அப்படித் தடம் விடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், படத்தைக் கெடுக்கிறதென்று அழித்தேன். புருவத்து ரத்தத்தை மட்டும் இன்னும் சிவப்பாக்கினேன்.

"கழுத்து தெரியுதாடி?" என்று செய்தி அனுப்பினாய்.

"தெரியல. சுத்தமா தொடச்சிட்டேன்" என்றேன்.

படித்தாய். நீலக்குறி மட்டும் விழுந்தது.

மூன்றாம் வாரம் உன் கணவன் உன் தலையைச் சுவரில் மோதி மோதிக் கொன்றான். இப்போது, மேடையில் வாங்கிய அடியில் செத்தாய், தான் தொட்டதே இல்லை என்கிறான். சாட்சிக்கு என் படத்தையே காட்டுகிறானாம். பாருங்கள், கழுத்து எவ்வளவு சுத்தம் என்று.

நேற்று அவன் தம்பி எங்கள் வாசலுக்கு வந்தான். "பாப்பா எந்த பாலர் பள்ளிக்கு போவுதுக்கா? சும்மா கேட்டேன்லா."

கதவை இரண்டு முறை பூட்டிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் தடத்தை அழிக்காத படம் என்னிடம் இருக்கிறது. விடிந்ததும் போலீசில் கொடுக்கப் போகிறேன், தடத்தை அழித்தது யார் என்பதையும் சேர்த்து. பயம் வரும்போதெல்லாம் நாக்கு தானாக உதட்டுத் தழும்பைத் தேடிப் போகிறது.

ஒன்றே ஒன்று சொல். மறைக்கச் சொல்லியா அன்று கேட்டாய், இல்லை, நான் பார்த்துவிட்டேனா என்றா? சீக்கிரம் பதில் போடு.