இடது கதவு

வாழவந்தி நாடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பூபதி அண்ணனுக்கு,

உன் தங்கை கோகிலா எழுதுகிறேன். இரண்டு மாதமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன் சிநேகிதன் யுவராஜிடம் கெஞ்சித்தான் இந்தத் திருப்பூர் முகவரியை வாங்கினேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

தான் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. ஆனால் உலைக்கு அரிசி அளக்கும்போது இன்னும் உன் பங்கையும் சேர்த்தே போடுகிறாள். மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. குச்சிக்கிழங்கு பிடுங்க ஆரம்பித்தாயிற்று. உன் இடத்தில் செங்கோடன் மாமாதான் வண்டி ஓட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை முதல் சர்வீசுக்காகப் புது வண்டியை நாமக்கல்லுக்கு இறக்கினோம். அப்பா, மாமா, நான். இடது கதவை நேராக்கியே ஆகவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். உனக்கு மறந்திருக்காது. கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவே மேலே என் சுண்டுவிரல் போகும், கீழே நகம்கூட நுழையாது. பானட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அங்கே மாணிக்கம் என்று தகடு தட்டி நேராக்கும் ஒரு டிங்கர். கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளின்மேல் டார்ச் அடித்து, அப்பாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார். “பெயிண்ட் ஒடையவே இல்ல பாருங்க. அடிபட்டிருந்தா உள்தகடு நசுங்கியிருக்கோணும். இது எங்கயும் இடிக்கலீங்க. மாட்டும்போதே கோணலா மாட்டி அனுப்பிட்டாங்க” என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு புது வண்டியையும் காட்டினார். அதிலும் அதே கோணல். மாமா போன் வந்ததுபோல வெளியே போய்விட்டார். போல்ட்டைத் தளர்த்தி, கதவை நகர்த்திப் பார்த்து முடுக்கினார்கள். அரை மணி நேர வேலை, அண்ணா. அதற்காக உன்னை ஊர் முன்னால் பொய்யன் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், “இடிக்கலைன்னா அவன் ஏன் சத்தியம் பண்ணல?” என்றார் அப்பா. மாமாவைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா தெரியவில்லை. பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நீ புது வண்டியை எடுத்துவந்து கோயில் முன் நிறுத்திய அந்தக் காலை நேரம் தினமும் எனக்குள் ஓடுகிறது. கதவை முதலில் பார்த்தவர் மாமா. “மாப்ள ஏதோ ஒரு கொண்டையூசி வளைவுல முத்தங் குடுத்துட்டு வந்திருக்காப்ல” என்று சிரித்தார். சோளக்காட்டில் வண்டிக்குள் இரண்டு தலை தெரிந்ததாகவும் சொன்னார். சாமிக்குக் காட்டும்வரை புது வண்டியில் ஒருவரையும் ஏற்றக்கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார் அல்லவா? எங்கும் இடிக்கவில்லை, யாரையும் ஏற்றவில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் அப்பா. முதலாவது உண்மை. இரண்டாவதை உன்னால் சொல்ல முடியாது. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. தட்டு என் கையில்தான் இருந்தது. ஒருமுறைகூட நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று விடியற்காலையில், நான் விரும்பிய பிலிப் மாற்றலாகிப் போக, அவரை வழியனுப்பச் சேந்தமங்கலம் வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற நிலையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தாய். எத்தனையோ வளைவு தாண்டியபின் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அழுவு கண்ணு. சீட்டுல பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கல, தொடச்சுக்கலாம்.” ஊருக்கு ஒரு மைல் முன்னால் இறங்கி, வீட்டிலிருந்து வந்தவள்போலக் குறுக்கு வழியில் ஓடிவந்து பூசைத் தட்டை வாங்கிக்கொண்டேன்.

பிலிப்பின் கல்யாணப் பத்திரிகை அவருடைய பழைய ஆபீசுக்கு வந்திருக்கிறதாம். நீ காத்துக் கொடுத்த ரகசியத்தில் இப்போது காப்பதற்கு ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும் அது உன்னைவிடப் பெரிதில்லை.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். “தட்டு உன்ற கையிலதானே இருந்துச்சு. அவன் உன்ற பக்கம் திரும்பவே இல்லியே சாமி” என்றார். பிறகு போய் வண்டியின் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. உன்னை வரச் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை, அண்ணா. “கதவு இப்ப நேரா இருக்குதுன்னு எழுது” என்று மட்டும் சொன்னார். எழுதிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்துவிடு. மாமா வண்டியைக் காரவள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். அங்கிருந்து நீ ஓட்டு. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். இந்தமுறை வழியில் இறங்க மாட்டேன். கோயில் வாசல் வரை வருவேன்.

உன் வழி பார்த்திருக்கும்
கோகிலா